பெரியப்பாவின் வாழ்த்துக் கவிதையில் எட்டு வரிகள் காணாமல் போன விதம்

ஆம்பூர்
சனிக்கிழமை, மாலை 5.20

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு,

சோபனா பணிவுடன் எழுதுவது. வியாழக்கிழமை மாலை முதல் இந்த நிமிடம் வரை இங்கே நடந்தவற்றை, ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் மறைக்காமல், எனக்கு எதிராகப் போகக்கூடியதையும் சேர்த்து, உண்மையாகப் பதிவு செய்யப்போகிறேன். அம்மா, அப்பா, நான் மூவரும் உடம்பளவில் சுகம். கலவையில் நீங்களும் பெரியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்றும், அக்கா வீட்டுக் கிரகப்பிரவேச வேலைகளில் உங்களுக்கு செல்போன் பார்க்க நேரம் இருக்காது என்றும் நம்புகிறேன். இரண்டாவது நம்பிக்கைதான் முக்கியம். நாளைக் காலை அப்பா முதல் பஸ்ஸில் அங்கே வருகிறார். சீர்த் தட்டுக்கு அடியில், முறுக்கு டப்பாவுக்கும் வேட்டிக்கும் நடுவில் இந்தக் கடிதம் இருக்கும். தயவுசெய்து சாப்பிட்ட பிறகு படிக்கவும். உங்களுக்கு ரத்த அழுத்த மாத்திரை இரண்டு வேளை என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டு முன்னறையை மாலை வகுப்புக்கு நீங்கள் கொடுத்தபோது மூன்று நிபந்தனைகள் விதித்தீர்கள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. தினமும் கிளம்பும்போது விளக்கையும் ஃபேனையும் அணைத்துவிட்டு, அணைத்த நேரத்தை நோட்டில் எழுதவேண்டும், ஏனென்றால் மின்வாரியத்தில் முப்பது வருடம் இருந்த உங்களுக்கு ஆளில்லாத அறையில் எரியும் பல்பைப் பார்த்தால் வயிறு எரியும். மூன்றாவது, உங்கள் கவிதைகள் மேல் யாரும் கை வைக்கக்கூடாது. "ஒரு புள்ளி போனாலும் சாவி என் கைக்கு வந்துடும்" என்று சொன்னீர்கள். ஒரு எழுத்தை மாற்றிப்போட்ட அச்சகத்தின் தெருவில் ஒன்பது வருடம் நீங்கள் கால் வைக்கவில்லை என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு நிபந்தனைகளை ஜூன் மாதத்திலிருந்து ஒரு நாள் தவறாமல் காப்பாற்றியிருக்கிறேன். நோட்டைப் பார்த்தால் தெரியும். மூன்றாவது நிபந்தனையைப் பற்றியதுதான் இந்தக் கடிதம்.

இந்த அறை இல்லாவிட்டால் ஆறு பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் எழுதினால் நீங்கள் அதுவரை படிப்பீர்களா என்று தெரியவில்லை. மே மாதம் வரை அவர்கள் பள்ளி விட்டதும் ஷூ கம்பெனி கேட்டுக்கு எதிரே, லாரி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்து, அம்மாக்கள் ஓவர்டைம் முடிந்து ஏழரைக்கு வெளியே வரும்வரை காத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு மெர்சி டிபன் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுவாள். ஒருநாள் லாரியின் பின் சக்கரம் அவள் செருப்பை நசுக்கிவிட்டது. செருப்பு காலில் இல்லை என்பதால்தான் இன்று மெர்சி என் வகுப்பில் இருக்கிறாள்.

இனி வியாழக்கிழமை. எங்கள் வகுப்பில் இந்த மாதப் பாடம் கவிதை. வாய்ப்பாடும் கையெழுத்தும் போதும் என்று அப்பா சொன்னார். ஆனால் பள்ளி நூலகத்தில் யாப்பு பற்றிய புத்தகத்தை நான் மூன்று முறை எடுத்திருக்கிறேன். கவிதையின் அடிப்படை தெரியாமல் ஒரு குழந்தை ஐந்தாம் வகுப்பைத் தாண்டினால் அது என் பொறுப்பு என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. மோனையை அதற்கு முன்பே இரண்டு நாளில் முடித்திருந்தோம். அதாவது முதல் எழுத்து ஒன்றிவருவது. நான்காம் வகுப்பு காஷிஃப் "மெர்சி மெதுவடை மென்னா" என்று உதாரணம் சொன்னான், மெர்சி அவனைக் கிள்ளினாள், அதோடு மோனை புரிந்துவிட்டது. அடுத்து உவமை. "நிலவு போல முகம்" என்றேன். "எந்த நிலவுக்கா? ஸ்பாட் இருக்குமே, அது ரிஜெக்ட்டாச்சே" என்றான் காஷிஃப். அவன் அம்மா சுகரா பேகம் ஆன்ட்டி என் அம்மாவோடு அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார், உங்களுக்குத் தெரியும். அப்போது மெர்சி எழுந்து, "எங்கம்மா தூங்கும்போது காலு மெஷின் மெதிக்கிற மாதிரி ஆடும்" என்றாள். நான், "அது உவமை இல்லை மெர்சி, உன் அம்மா நிஜமாகவே மெஷின்தானே மிதிக்கிறார்கள்" என்றேன். "நிஜமா இருந்தா கவிதை இல்லியாக்கா?" என்று கேட்டாள். நான் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இந்தக் கேள்வி இல்லை. நாளை சொல்கிறேன் என்று நோட்டில் பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டேன்.

எதுகைதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வரிகளின் முதல் சொல்லில் இரண்டாவது எழுத்து ஒன்றாக வரவேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. ஒரு வாண்டு தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அம்மாவின் சிவப்பு அம்பு நினைவுக்கு வந்தது. கம்பெனியில் ஷூவில் எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே பசை வழிந்திருக்கிறதோ, அந்த இடத்தைக் காட்டிச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மாலையில் அம்மா வீட்டுக்கு வரும்போது முழங்கையில் ஒன்றிரண்டு அம்பு ஒட்டிக்கொண்டே வரும், ஒருமுறை நெற்றியிலேயே ஒன்று இருந்தது, அப்பா "எங்க குறைன்னு கம்பெனிக்கே தெரிஞ்சிருக்கு" என்று சொல்லி அன்று இரவு சாப்பாட்டுக்கு ஊறுகாய் மட்டும் வாங்கிக்கொண்டார். அப்படி வந்த அம்புகளை நான் ஒரு அட்டையில் சேர்த்து வைத்திருந்தேன். எதுகை இல்லாத இடத்தில் அம்பு ஒட்டுங்கள் என்றேன். அவ்வளவுதான், வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. "ரெண்டு வரின்னா ஒரு ஜோடி" என்றாள் ஐந்தாம் வகுப்பு சௌந்தர்யா. "லெஃப்ட்டு, ரைட்டு. மேட்ச்சிங் பாக்குறோம், அவ்ளோதானே?" காஷிஃப் உடனே "லெதர், மதர்!" என்று கத்தினான். சரியான எதுகை. நான் கைதட்டினேன், பெரியப்பா. இந்த இடத்தில் நான் கைதட்டியதையும் பதிவு செய்கிறேன்.

சரியாக அந்த நேரத்தில்தான் வேலூரிலிருந்து உங்கள் பேனர் வந்து இறங்கியது. அம்மாவின் லைன் சூப்பர்வைசர் ஆதிகேசவன் சார் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெறுவதற்காக நீங்கள் எழுதிய பன்னிரண்டு வரி வாழ்த்து. மேலே 'பணி நிறைவுப் பாராட்டு விழா', ஒரு பக்கம் அவர் படம், நடுவில் ஆறு மஞ்சள் கட்டம், கட்டத்துக்கு இரண்டு வரி, அடியில் உங்கள் படமும் 'கவிஞர் பரணிதரன்' என்று உங்கள் பெயரும். போனில் நீங்கள் எனக்குச் சொன்னது: "எழுத்துப்பிழை இருக்குதான்னு பாரு. கண்ண மட்டும் வை, கைய வைக்காத." நான் கண்ணைத்தான் வைத்தேன். ஆனால் ஆறு பிள்ளைகளின் பன்னிரண்டு கண்களையும் சேர்த்து வைத்துவிட்டேன். பேனரைத் தரையில் விரித்து, "பாருங்கள், இது உண்மையான கவிஞர் எழுதியது, ஒவ்வொரு ஜோடியிலும் எதுகை எவ்வளவு அழகாக வரும் பாருங்கள்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். முதலில் நானே படித்துப் பார்த்திருக்கவேண்டும்.

முதல் கட்டம்: "ஆயிரம் யானை ஆற்றலே, வானம் வணங்கும் வள்ளலே." காஷிஃப் மண்டிபோட்டு இரண்டாவது எழுத்தில் விரல் வைத்தான். "இங்க யி, இங்க ன. மேட்ச் ஆவலக்கா." "அடுத்ததைப் பார்" என்றேன். "இமயம் உன்முன் சிறுகல்லே, கடலும் உன்முன் கால்வாயே." "ம, ட. ஆவல." நான் அடுத்த கட்டத்தைக் காட்டினேன். "தோலைத் தொட்டால் தரம்சொல்வார், காலைத் தொடுமுன் குறைசொல்வார்." "பாஸ்!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். "சூரியன் உன்னிடம் ஒளிகேட்கும், நிலவோ உன்னிடம் நிறம்கேட்கும்." ஆகவில்லை. "வண்டி ஏறிப் போனாலும், கண்டித் ததைநாம் மறப்போமா." பாஸ். கடைசிக் கட்டம்தான் பெயர் வரும் கட்டம், பெயர் உச்சத்தில்தான் வரவேண்டும் என்று நீங்கள் வைத்தது: "ஆதி கேசவப் பெருந்தகையே, நீடு வாழ்க பல்லாண்டே." "தி, டு" என்றாள் மெர்சி, மிகவும் வருத்தத்தோடு. நான் சொல்லித்தான் நான்கு கட்டத்திலும் அம்பு ஒட்டினார்கள். பயிற்சிக்காக மட்டும், பிறகு உரித்துவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக உரிக்கத்தான் நினைத்தேன்.

ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. என் பெரியப்பாவின் கவிதையில் ஆறுக்கு நான்கு ரிஜெக்ட் என்று ஆறு குழந்தைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்லக்கூடாது. எங்கேயோ ஒரு விதிவிலக்கு இருக்கும் என்று தோன்றியது. "யாரும் அசையாதீர்கள், நான் வீட்டுக்குப் போய் இலக்கணப் புத்தகம் எடுத்துவருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். நம் வீடு நான்காவது வீடுதான். ஆனால் புத்தகத்தில் விதிவிலக்கு நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்தது, நான் முதல் பக்கத்திலிருந்து தேடினேன். கிடைத்துவிட்டது, பெரியப்பா! வரியின் கடைசி ஒன்றிவந்தாலும் அழகுதான், அதற்கு இயைபு என்று பெயர். ஆற்றலே, வள்ளலே. ஒளிகேட்கும், நிறம்கேட்கும். இரண்டு ஜோடி அப்படியே தப்பித்திருக்கும், மற்ற இரண்டையும் கெஞ்சிக் கூத்தாடிப் பாஸ் பண்ணியிருக்கலாம். இயைபைத் திங்கட்கிழமைப் பாடமாக நான்தான் தள்ளி வைத்திருந்தேன். அதை முதலில் நடத்தியிருந்தால் உங்கள் ஆயிரம் யானைகளும் இன்று உயிரோடு இருந்திருக்கும். புத்தகத்தை விரித்துப் பிடித்தபடியே ஓடிவந்து கதவைத் திறந்தேன்.

"இன்னாக்கா இவ்ளோ லேட்டு? வேல முடிஞ்சிடுச்சு" என்றான் காஷிஃப்.

பேனரில் நான்கு ஜன்னல்கள் இருந்தன. அவற்றின் வழியாக உங்கள் வீட்டு சிவப்புத் தரை தெரிந்தது.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அம்பு ஒட்டின மாலு லைன்லயே நிக்கக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லும்" என்றான் அவன். தன் அம்மாவின் பையிலிருந்து நூல் வெட்டும் குட்டிக் கத்திரியைக் கொண்டுவந்தது சௌந்தர்யா. கட்டத்தின் ஓரமாகவே, ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகாமல் அவள்தான் வெட்டியிருந்தாள். "கார்னர உருட்டிட்டேன்கா. சதுரமா வுட்டா கிழிஞ்சிடும்" என்று பணிவாகச் சொன்னாள். "எதுகை இல்லாதது இரண்டாவது வரியில்தானே, முதல் வரியையும் ஏன் வெட்டினீர்கள்?" என்று கேட்டேன், ஏதோ அதுதான் இப்போது பெரிய விஷயம் போல. மெர்சி என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "ஒரு காலு ரிஜெக்ட்டுன்னா இன்னோரு காலு எதுக்குக்கா? ஒத்த ஷூவ யாரு வாங்குவா?" கம்பெனியில் ஜோடியில் ஒன்று போனால் மற்றதும் போகத்தான் வேண்டும். அவர்கள் வளர்ந்தது அந்தச் சட்டத்தில். அம்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அந்தச் சட்டத்தை மறந்தது நான்தான்.

வெட்டிய துண்டுகளை வாங்கி, பின்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிடலாம் என்று கைநீட்டினேன். துண்டுகளும் இல்லை. "பி கிரேடு வொர்க்கருங்களுக்குத்தானே?" என்றான் காஷிஃப். வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் சின்னக் குறை உள்ள ஷூக்களைத் தொழிலாளர்களுக்கே கொடுத்துவிடுவார்கள், அந்த வழக்கப்படி இவர்களும் நான் வருவதற்குள் நான்கு துண்டையும் பங்கிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் ஃப்ளெக்ஸ் துண்டு எவ்வளவு வேண்டப்படும் பொருள் என்பது உங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குப் போவதற்கு முன் நான்கையும் தேடிப் போனேன். யானையும் வானமும் காஷிஃபின் அப்பா ஹஸன் அங்கிளின் ஷேர் ஆட்டோவில் பின் சீட்டுக்கு உறையாகிவிட்டன. ஆட்டோ விடியற்காலையிலேயே வாணியம்பாடிக்குப் போய்விட்டது. இமயமும் கடலும் தெருக்குழாயின் ஒழுகும் இணைப்பில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. "கடலும் உன்முன் கால்வாயே" என்பது மட்டும் வெளியே தெரிந்தது, ஒழுகலும் நின்றிருந்தது, அவிழ்க்கப் போனால் குடத்தோடு நின்ற நான்கு பேர் ஒரே குரலில் "கைய எட்றி" என்றார்கள். சூரியனும் நிலவும் முனியம்மாவின் இட்லிக் கடையில் அடுப்புக்கு மேல் மறைப்பு. நான் கெஞ்சினேன். "குடுக்க முடியாது போ" என்றார் முனியம்மா. "மழைக்கு எவ்ளோ ஒத்தாசையா இருக்குது தெரியுமா? உங்க பெரியப்பன் இத்தினி வருஷமா எழுதுனதுல இது ஒண்ணுதாண்டி யாருக்காச்சும் உபயோகமாயிருக்குது." மன்னிக்கவும் பெரியப்பா, ஒன்றையும் மறைக்கமாட்டேன் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். பெயர் இருந்த கடைசித் துண்டு மெர்சியிடம். அவள் பள்ளிப் பைக்கு அதையே உறையாகப் போட்டு அவள் அம்மா நான்கு பக்கமும் தைத்துவிட்டிருந்தார். தையலில் ஒரு இழை கூட விடவில்லை, பிரித்தால் பையும் கிழிந்துவிடும்.

அம்மாவிடம் வியாழக்கிழமை இரவே சொல்லிவிட்டேன். அம்மா முதலில் தலையில் கைவைத்தார். பிறகு பேனரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "யாரு கட்டிங்கு இது? நல்லாருக்குதே" என்றார். சுகரா ஆன்ட்டியும் வந்து பார்த்தார். "பசை போட்டா வழியும், தெச்சா ஓட்டை வுழும். வேற அடிக்க டைம் இல்ல. அப்டியே கட்டிடு ஹேமா. மேல ரெண்டு சீரியல் செட்டு போட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் அம்மாவிடம். அம்மா அடிக்கடி சொல்லும் பேஜார் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் முழுதாகத் தெரிந்தது.

விழா நேற்று மாலை ஆறு மணிக்கு, தெருமுனையில் ஷாமியானா போட்டு. சீரியல் செட் விளக்குகள் எரியவில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தது. நான்கு ஜன்னல்களோடு பேனர் மேடைக்குப் பின்னால் தொங்கியது. ஆதிகேசவன் சார் பெயர் வெட்டிய கட்டத்தோடு போய்விட்டதால், பேனர் முழுவதிலும் மிச்சம் இருந்த ஒரே பெயர் உங்களுடையது. குடியாத்தத்திலிருந்து வந்த இரண்டு பேர் ஓய்வு பெறுவது நீங்கள்தான் என்று நினைத்துக்கொண்டு, "பரணிதரன் சார் இன்னும் வரலியா? மாலை வாடுது" என்று என்னிடமே கேட்டார்கள். போதாததற்கு, மேடைக்கு முன்னால் உட்கார இடம் கிடைக்காத என் மாணவர்கள் பேனருக்குப் பின்னால் போய், ஆளுக்கொரு ஜன்னலில் முகத்தை வைத்து விழாவைப் பார்த்தார்கள். கடைசிக் கட்டத்தில், பெயர் இருந்திருக்கவேண்டிய இடத்தில், காஷிஃப் முறுக்கு தின்றுகொண்டிருந்தான். நான் கையைக் காட்டி விரட்டினேன். அவன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்கள். திடீரென்று காற்று அடித்தது. கம்பெனி நண்பர்கள் வைத்த பெரிய பேனர் காற்றை வாங்கிக்கொண்டு குஸ்கா அண்டா மேல் சாய்ந்தது. உங்களுடையது ஓட்டை வழியாகக் காற்றை விட்டுவிட்டு அசையாமல் நின்றது. இதை உங்களுக்கு ஆறுதலாக எழுதுகிறேன்.

பிறகு ஆதிகேசவன் சார் மைக்கை வாங்கிக்கொண்டு பேனர் பக்கம் திரும்பினார். அவர் முதல் ஜன்னலின் முனையைக் கட்டைவிரலால் தடவினார். இரண்டாவதைத் தடவினார். இரண்டாவது ஜன்னலில் இருந்த சௌந்தர்யா கண்ணை மூடிக்கொண்டாள். "கார்னர உருட்டியிருக்காங்க" என்று மைக்கிலேயே சொன்னார். பிறகு மிச்சம் இருந்த நான்கு வரிகளைச் சத்தமாகப் படித்தார். "தோலைத் தொட்டால் தரம்சொல்வார், காலைத் தொடுமுன் குறைசொல்வார். வண்டி ஏறிப் போனாலும், கண்டித் ததைநாம் மறப்போமா." கடைசி வரியில் லைன் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். யாரோ பின்னாலிருந்து "மறக்கவே மாட்டோம் சார்! போன தீவாளிக்குக் கூடத் திட்டினியே!" என்று கத்தினார்கள். அவரும் சிரித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆன, சிங்கம், இமயமலைன்னு எழுதி என்ன கூச்சப்படுத்துவாங்கன்னு பயந்துக்கினே வந்தேன். நாலே வரி. நாலும் நெசம். கட்டிங்கு சுத்தம்." சட்டைப் பையைத் துழாவி, கம்பெனியிலிருந்து கடைசியாகக் கொண்டுவந்த பச்சை நிற 'ஓகே' ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, பேனரில், உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

அதன் பிறகு எல்லோரும் உங்களைப் புகழ்ந்தார்கள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "பரணிதரன் சார் இத்தினி வருஷத்துல இப்பதான் கம்மியா எழுதியிருக்காரு, சூப்பர்" என்றார்கள். இவர்கள் புகழ்வது உங்கள் கவிதையை அல்ல, சௌந்தர்யாவின் கத்திரியைக் கூட அல்ல, நான் இயைபைத் தள்ளி வைத்ததை என்று எழுந்து சொல்ல நான் கையைத் தூக்கினேன். அம்மா என் கையைப் பிடித்து இறக்கி அதில் ஒரு தட்டு குஸ்காவை வைத்தார். "சோபி, வாய மூடிக்கினு துண்ணு." தின்றேன். இதையும் பதிவு செய்கிறேன். உங்கள் எட்டு வரிகள் இட்லிக் கடையிலும் குழாயிலும் இருக்கும்போது நான் இரண்டாம் முறை வெங்காயப் பச்சடி கேட்டு வாங்கினேன்.

பெரியப்பா, நேற்று இரவு நான் தூங்கவில்லை. இன்று மாலை வகுப்பில் ஆறு பேரும் வழக்கம்போல வந்திருக்கிறார்கள். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் மற்ற கவிதைகளைக் கைகட்டிக்கொண்டு தூரத்திலிருந்து படிக்கிறார்கள். அம்பு அட்டையை நான் மேலே பரணில் வைத்துவிட்டேன். ஆனால் அவர்கள் உதடு அசைவதைப் பார்த்தால் இரண்டாவது எழுத்தைத்தான் எண்ணுகிறார்கள் என்று தெரிகிறது. சாவியை வாங்குவது என்று நீங்கள் முடிவு செய்தால், என்னை மட்டும் வெளியே அனுப்புங்கள். குற்றம் என்னுடையது. வகுப்பை சௌந்தர்யா நடத்துவாள், அவளுக்கு என்னைவிடப் பொறுமை ஜாஸ்தி. அறை மட்டும் இருக்கட்டும். லாரி இப்போதும் அதே இடத்தில்தான் திரும்புகிறது. மெர்சிக்கு இப்போது புதுச் செருப்பு, அதை அவள் காலை விட்டுக் கழற்றுவதே இல்லை.

பெரியம்மாவுக்கு என் வணக்கங்கள். புது வீட்டில் பால் பொங்கி வழிந்து, அக்காவும் மாமாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். இந்தத் தடவை கிடைக்காவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

தங்கள் அன்புத் தம்பி மகள்,
சோபனா
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு, காகிதத்தை மடிக்கும்போது அம்மா ஷிஃப்ட் முடிந்து உங்கள் அழைப்பு வந்த போனோடு அறைக்குள் வந்தார். ஸ்பீக்கரில் போட்டார். "ஹேமா, போட்டோ பாத்தேன்" என்றீர்கள். "இங்க சம்பந்தி வூட்டு ஆளுங்க மொத்தமும் பாத்தாங்க. நடுவுல எடம் வுட்டு, ஊடால புள்ளைங்க மூஞ்சிய வெச்சு, இன்னா சார் புது மாதிரி எழுதியிருக்கீங்களேன்னு சம்பந்தி ஆச்சரியப்பட்டுட்டாரு. சொல்லாம வுட்டதுதான் கவிதைன்னு சொல்லிட்டேன். யாரு வெட்னதுன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத. கத்திரி பத்தி தெருவுல ஒருத்தரும் மூச்சு வுடக்கூடாது. சோபனா எதையாச்சும் எழுதி வெச்சிருப்பா, எனக்குத் தெரியும் அவள, கிழிச்சுப் போடச் சொல்லு. சாவி அங்கியே இருக்கட்டும். என் நாப்பது பக்கக் கவிதைக் கட்டு ஒண்ண அவ அப்பன்கிட்ட குடுத்து அனுப்புறேன், பசங்க அம்பு ஒட்டட்டும். கத்திரி மட்டும் பெரியவங்க கையில இருக்கணும்." பின்னால் பெரியம்மா சிரித்ததும் கேட்டது.

ஆகவே பெரியப்பா, உங்கள் விருப்பப்படி, மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை. யாரும் அம்பு ஒட்டவில்லை. யாரும் எதையும் வெட்டவில்லை. முனியம்மா கடையில் அடுப்புக்கு மேல் ஒன்றும் கிடையாது. ஆனால் உண்மையாக எழுதுவேன் என்று முதல் பத்தியில் எழுதிவிட்டேன். அதை அடித்தால் அதன் ஜோடியையும் அடிக்கவேண்டும், அதன் ஜோடி எது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கிழிக்காமல் அப்படியே முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். உங்கள் கையாலேயே கிழித்துவிடுங்கள், இரண்டிரண்டு பக்கமாக. மெர்சியின் கேள்விக்கு விட்ட இரண்டு வரியை மட்டும் நோட்டில் காலியாகவே வைத்திருக்கிறேன், நீங்கள் வந்ததும் கேட்கலாம் என்று.

சுகரா ஆன்ட்டி வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார். இந்தக் கடிதத்தில் நிச்சயமாக நடந்தது ஒன்றே ஒன்றுதான், அதை உங்கள் நோட்டிலும் எழுதியிருக்கிறேன்: மணி ஏழு நாற்பது, விளக்குகள் அணைக்கப்பட்டன.